அம்மம்மாவின் அலுமாரியிலிருந்து அலுவலகம் வரை: கொழும்பில் பழைய உடுப்பு வாங்குவதும் உடுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பல வருடமாகப் பழைய உடுப்புத்தான் தேடி வாங்குகிறேன், பழுது பார்க்கிறேன், வேலைக்கும் கோயிலுக்கும் அதையே உடுத்துகிறேன். பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் யாராவது சேலையின் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வின்டேஜ் எண்டால் என்ன? பழைய உடுப்பு எல்லாமே வின்டேஜ்தானே?

இருபது வருடமாவது பழையதாக இருந்தால் வின்டேஜ் என்பது பொதுவான வழக்கம். நூறு வருடத்தைத் தாண்டினால் அது தொல்பொருள் கணக்கு. போன வருடம் ஒருவர் வாங்கி நான்கு முறை உடுத்திவிட்டு விற்பது வெறும் இரண்டாம் கை உடுப்பு. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் வின்டேஜ் அல்ல.

வயது மட்டும் போதாது என்பது என் எண்ணம். அந்தக் காலத்துத் துணியும் வெட்டும் தையலும் அதில் தெரிய வேண்டும். 1970களின் அகலக் கொலர், 1980களின் தோள்பட்டைப் பஞ்சு, 1990களின் தடித்த ஜீன்ஸ் துணி, இப்படி ஏதோ ஒன்று. இருபது வருடம் பெட்டியில் கிடந்த ஒரு சாதாரண ரீசேர்ட்டை வின்டேஜ் என்று சொல்லி யாராவது கூடிய விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொழும்பில எங்க தேடுறது?

முதலில் வீட்டில். பிறகு பெரியம்மா, மாமி, பக்கத்து வீட்டு அன்ரி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஃப்ளாட்டுகளில் யாராவது பிள்ளைகளோடு இருக்கவென்று கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும்போது ஒரு வாழ்நாள் உடுப்பை இரண்டு சூட்கேசுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். மிச்சம் எங்கே போகிறது? துடைக்கிற துணியாகவோ குப்பையாகவோ போகிறது. அந்த வாரத்தில் போய், "அலுமாரி ஒதுக்க உதவி செய்யட்டா அன்ரி?" என்று கேளுங்கள். பட்டைக் கேட்காதீர்கள், அதை அவர்கள் யாருக்கென்று ஏற்கெனவே மனதில் வைத்திருப்பார்கள். வீட்டில் உடுத்திய வொயில் சேலை, கைத்தறிச் சேலை, மாமாவின் பழைய சேர்ட், மகள் விட்டுப்போன ஜீன்ஸ் ஜக்கெற் ஆகியவற்றைக் கேளுங்கள். என்னிடம் இருக்கும் நல்ல உடுப்புகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

அதற்குப் பிறகுதான் கடை. இன்ஸ்டகிராமில் பழைய உடுப்பு விற்கும் இளம் பிள்ளைகள் கொழும்பில் இப்போது பலர். புறக்கோட்டையில் நடைபாதையில் குவித்து விற்பார்கள். பொறுமையோடு கிளறினால் எப்போதாவது நல்லது ஒன்று கிடைக்கும். ஞாயிறிலும் போயா நாளிலும் புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு, அதையும் பார்த்துக்கொண்டு போங்கள். வேலை நாளில் காலையிலேயே போய்விட்டால் வெயிலும் சனமும் குறைவு.

83-இல எங்கட வீடு எரிஞ்சது. அம்மம்மாவின்ர சேலை எண்டு எங்களிட்ட ஒண்டுமே இல்லை. எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

இந்தக் கேள்வியை ஒருவர் அல்ல, பலர் கேட்டிருக்கிறார்கள். 1983 யூலையில் கொழும்புத் தமிழ் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளும் சேர்ந்துதான் எரிந்தன. பிறகு வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஒரு பையோடு வந்தார்கள். பழைய சேலை வைத்திருப்பது நம் சனத்தில் பலருக்குக் கிடைக்காத ஒரு கொடுப்பினை. "அம்மம்மாவின் பெட்டியைத் திறவுங்கள்" என்று நான் எழுதும்போது அது எல்லோருக்கும் பொருந்தாது என்று எனக்குத் தெரியும்.

அப்படியான ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மிஞ்சிய படங்களைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தியிடமோ பெரியப்பாவிடமோ ஓர் அல்பம் இருக்கும். அம்மம்மா என்ன கரை உடுத்தியிருக்கிறார், சட்டைக் கை எவ்வளவு நீளம், தலைப்பை எப்படி விட்டிருக்கிறார் என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படமென்றால் நிறத்தை அம்மாவிடம் கேளுங்கள். அம்மாக்களுக்கு நிறம் மறப்பதில்லை. பிறகு அந்தக் காலத்துச் சேலையை வேறொருவரிடம் வாங்கலாம். அந்தப் பிள்ளை ஒரு மாம்பழ மஞ்சள் கைத்தறியை இப்படித்தான் கண்டுபிடித்தாள். அவளுடைய அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரை மட்டும் இன்னும் கொஞ்சம் சின்னது என்றாராம். இப்போது கோயிலுக்கு அதைத்தான் உடுத்துகிறாள். இரத்த உறவு வழியாக வராத சேலை உங்களுடையது ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

மஹரகம பமுனுவயில கார்மென்ட் உடுப்பு மலிவாக் கிடைக்குதே, அதுவும் வின்டேஜா?

இல்லை. அது ஏற்றுமதி மிச்சம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தைத்ததில் எண்ணிக்கை கூடியது, தையல் பிசகியது, ஓடர் நின்றுபோனது. அதனால்தான் பல உடுப்புகளில் லேபிள் பாதி வெட்டப்பட்டிருக்கும். புது உடுப்பு, நல்ல விலை, தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1977-இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1978-இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, 1992-இல் சனாதிபதி பிரேமதாச காலத்து இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம். அந்தக் காலங்களில் கொழும்பு வீடுகளுக்குள் வந்த மிச்ச உடுப்புகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. ஐரோப்பாவுக்கென்று இங்கேயே தைத்த தடித்த டெனிம் ஜக்கெற்றும் பருத்திச் சேர்ட்டும் நம் அலுமாரிகளில் கவனிப்பாரில்லாமல் தொங்குகின்றன. கொழும்புக்கே உரிய வின்டேஜ் என்று ஒன்று உண்டென்றால் எனக்கு அது இதுதான்.

லேபிளைப் பார்த்து எந்தக் காலம் எண்டு சொல்லலாமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். 'மேட் இன் சிலோன்' என்று இருந்தால் அது பெரும்பாலும் 1972 மே 22-க்கு முந்தியது, அன்றுதான் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனது. தோய்க்கும் முறையைச் சொல்லும் சின்னங்கள் 1960களுக்குப் பிறகே லேபிளில் பரவலாயின. கம்பளி உடுப்பில் வரும் உருண்டை நூல் போன்ற வூல்மார்க் சின்னம் 1964-இல் பிறந்தது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புத் துண்டில் பெயரின் ஆங்கில 'ஈ' பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தியதாகச் சொல்வார்கள். இதைத்தான் போலி செய்கிறவர்களும் முதலில் போலி செய்கிறார்கள்.

லேபிளே இல்லாவிட்டால் சிப்பைப் பாருங்கள். சட்டையின் பக்கவாட்டில் உலோகச் சிப் இருந்தால் பழையது, நைலோன் சிப் பிந்தியது. உள் ஓரத்தை மெஷின் ஓவர்லொக் செய்யாமல் கையால் மடித்துத் தைத்திருந்தால் வீட்டிலோ தையல்காரரிடமோ தைத்தது. நம் ஊரில் பழைய உடுப்பில் பெரும்பகுதி அப்படித்தான், லேபிள் இல்லாததற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வாங்க முன்னம் எதைப் பார்க்கிறது? எனக்கு ஆசை வந்திட்டால் ஒண்டும் தெரியாது.

ஆசை வந்துவிட்டால் உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போங்கள். கடை லைட் போதாது. துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் பூச்சி கடித்த ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். அடுத்தது அக்குள். அங்கே துணி விறைத்தோ நிறம் மாறியோ இருந்தால் வியர்வை நூலைத் தின்றிருக்கிறது, அது தோய்த்துப் போகாது. பிறகு சிப்பை இரண்டு தரம் ஏற்றி இறக்குங்கள். தெறி குறைந்தால் பரவாயில்லை, புறக்கோட்டையில் இரண்டாம், மூன்றாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் பொருத்தமாக ஏதாவது அகப்படும். இலாஸ்டிக் போயிருந்தாலும் மாற்றலாம்.

பட்டுச் சேலை என்றால் மடிப்பைப் பாருங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். மடிப்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். சரசரவென்று நூல் விட்டால் அந்தச் சேலையைச் சேலையாக உடுத்த முடியாது. எவ்வளவு வடிவாக இருந்தாலும் சேலை விலை கொடுக்காதீர்கள்.

பட்டு எண்டு சொல்லி விக்கினம். உண்மையோ எண்டு எப்படிப் பார்க்கிறது?

பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை இந்தியாவில் 2004-இல்தான் வந்தது, பழைய சேலையில் அதைத் தேடிப் பயனில்லை. உள் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, ஒரு சிங்க் மேல் பிடித்து எரியுங்கள். பட்டென்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். பருத்தியும் ரேயோனும் கடதாசி மாதிரி எரியும். செயற்கைப் பட்டு என்று விற்பதில் பல ரேயோன்தான், அதனால் மணத்தை நன்றாகக் கவனியுங்கள். பொலியஸ்டரும் நைலோனும் உருகிக் கடினமான மணியாகும். விற்பவரிடம் கேட்காமல் நூல் உருவாதீர்கள்.

சரிகைக்கு வேறு சோதனை. காஞ்சிபுரத்துச் சுத்தச் சரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்கப் பூச்சு. ஓரத்தில் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். போலிச் சரிகையில் பெரும்பாலும் வெள்ளை நூல் தெரியும். பழைய சரிகை கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், வெள்ளி கறுப்பது இயல்பு. பழைய பட்டைச் சரிகைக்காக எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடுத்தக்கூடிய சேலையை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சைஸ் 14 எண்டு போட்டிருந்தது, எனக்கு ஏறவே இல்லை. நான் குண்டாகிட்டனா?

இல்லை. எண்கள்தான் மாறிவிட்டன. 1970களில் 14 என்று போட்ட சட்டை இன்று கடையில் 10 அல்லது 12 என்று போடுவதற்குக் கிட்ட வரும். பழைய உடுப்பில் எண்ணைப் பார்க்காமல் அளவு நாடாவைப் பாருங்கள்.

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை மேசையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள், இடுப்பு, தோள், நீளம் என்று நான்கு அளவை எடுத்துத் தொலைபேசியில் எழுதி வையுங்கள். வாங்கப்போகும் உடுப்பையும் அப்படியே விரித்து அளவுங்கள். நீட்டமில்லாத பருத்தித் துணியென்றால் நெஞ்சுச் சுற்றளவு உங்கள் உடம்பை விட இரண்டு அங்குலமாவது கூட இருக்க வேண்டும். சேலைக்கும் அளவு உண்டு. ஐந்தரை மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், சில பழைய கைத்தறிகள் நீளமும் அகலமும் குறைந்தவை. உயரமானவர்களுக்குக் கணுக்கால் தெரியும்.

ஆரோ உடுத்த உடுப்பு, நோய் கீய் வராதா? மூட்டைப்பூச்சி?

ஒழுங்காகத் தோய்த்தால் பயமில்லை. வாங்கியதும் நேரே அலுமாரிக்குள் வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் கட்டி வெளியே வைத்து, தாங்கக்கூடிய பருத்தியையும் ஜீன்ஸையும் 60 பாகைச் சுடுநீரில் தோயுங்கள், பூச்சியும் முட்டையும் அதில் சாகும். சுடுநீர் தாங்காத பட்டையும் கம்பளியையும் காற்றுப் புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள்.

பட்டைத் தோய்க்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். விட்டால் தண்ணீரில் போடாதீர்கள். விடாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் பூந்திக்கொட்டையோ கொஞ்சம் மென்மையான ஷம்புவோ போட்டு, முறுக்காமல், நிழலில் காய விடுங்கள். குளோரின் கலந்த வெளுப்பானைப் பட்டிலோ கம்பளியிலோ ஊற்றவே கூடாது, நூலே கரைந்துபோகும். ட்ரை கிளீனிங் கொடுத்தால் இது பழைய துணி என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நான் ஒரு முறை சொல்லாமல் கொடுத்து, மயில்கழுத்து நிறச் சேலையின் கரை சுருங்கி வந்தது. அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

எவ்வளவு தோய்ச்சாலும் அந்தப் பழைய பெட்டி மணம் போகுதில்லை.

அது பெரும்பாலும் பூஞ்சணம். கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் கடற்கரைப் பக்கத்து ஃப்ளாட்டில், அலுமாரிக்குள் இருட்டும் ஈரமும் சேர்ந்தால் வராமல் இருக்காது. வெள்ளைப் பொடி தெரிந்தால் வீட்டுக்குள் தட்டாமல் பல்கனியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தோய்க்கக்கூடிய துணியென்றால் கடைசித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி ஊற்றி அலசுங்கள். பிறகு காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் தொங்கட்டும். வெயிலில் போட்டால் மணம் சீக்கிரம் போகும், ஆனால் பட்டின் நிறமும் சேர்ந்து போகும்.

வைக்கும்போது பொலித்தீன் உறை வேண்டாம், பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், மேலே சொன்ன வெடிப்பு வராமலிருக்க இதுதான் வழி. கனமான பட்டைத் தொங்கவிடாதீர்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப் பொட்டலமாகக் கட்டிப் போடலாம். நப்தலின் உருண்டை போடுகிறவர்கள் அது சரிகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த மணம் பிடித்த சேலையால் கைக்குழந்தையைப் போர்த்தவோ ஏணை கட்டவோ கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நப்தலின் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இறந்த ஆக்களின்ர உடுப்பை உடுத்தலாமா? அம்மா வேண்டாம் எண்டுறா.

இதில் அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். சில வீடுகளில் செத்தவரின் உடுப்பைக் கொடுத்துவிடுவார்கள், சில வீடுகளில் ஒரு சேலையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் ஆண்டுத் திவசம் முடியும்வரை யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு அம்மாவே ஒரு சேலையை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்தார். அதற்காகக் காத்திருந்தது சரி என்றே நினைக்கிறேன். முன்பின் தெரியாதவரின் உடுப்பைப் பற்றி மனம் உறுத்தினால், தோய்த்து ஒரு முறை சாமியறையில் வைத்துவிட்டு உடுத்துங்கள். அப்படிச் செய்கிற பலரை எனக்குத் தெரியும்.

பழசை உடுத்தால் நாடகத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கு. ஒவ்வொரு நாளும் எப்படி உடுத்திறது?

தலை முதல் கால் வரை ஒரே காலத்தில் நின்றால் அப்படித்தான் தெரியும். பெல்பொட்டமும் அகலக் கொலரும் பெரிய கண்ணாடியும் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டு மேடைக்குப் போவது மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு பழைய உடுப்பு போதும், மிச்சம் நீங்கள் வழக்கமாக உடுப்பவை. அகலக் கொலர் சேர்ட்டை இன்றைய நேர் ஜீன்ஸோடு போடுங்கள். பழைய பாவாடைக்கு ஒரு வெள்ளை ரீசேர்ட்டும் சாதாரண செருப்பும். பழைய வொயில் சேலைக்கு நகையைக் குறைத்து, கையில் ஒரு மணிக்கூடு, தோளில் வேலைப் பை.

அலுவலகத்துக்கு நான் அதிகம் உடுத்துவது 1970களின் கைத்தறிதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுத் துணி கிடைப்பது அரிதாக இருந்தது, உள்ளூர்த் தறிகள் ஓயாமல் ஓடின. அந்த நாள் கைத்தறி தோய்க்கத் தோய்க்க மெதுவாகும், கோல்ஃபேஸ் வெயிலிலும் உடம்போடு ஒட்டாது. அதே காலத்து நைலெக்ஸும் பொலியஸ்டரும் பார்வைக்கு வடிவு, நிறம் மங்காது, ஆனால் மதியம் 155 பஸ்ஸில் நின்று பாருங்கள், உடம்பு அவிந்துவிடும். அவற்றை ஏசி போட்ட இடத்துக்கும் மழைக்கால மாலைக்கும் வையுங்கள்.

அம்மாவின்ர சேலைச் சட்டை எனக்கு நெஞ்சில பத்துதில்லை.

உள்ளே திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்துத் தையல்காரர்கள் பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம், சில வேளை ஒன்றரை அங்குலம் துணி மடித்து விட்டிருப்பார்கள், பிறகு பெருப்பிக்கலாம் என்றுதான். அதை விட்டாலே பாதிப் பேருக்குப் பொருந்திவிடும். பழைய தையல் தடம் தெரிந்தால் அதன் மேல் ஒரு மெல்லிய நாடா வைத்துத் தைக்கலாம். அதுவும் போதாவிட்டால் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். எதுவும் சரிவராவிட்டால் சட்டையைப் பத்திரமாக வைத்துவிட்டு, சேலைக்கு ஒரு சாதாரண வெள்ளைச் சேர்ட்டைச் சட்டையாகப் போட்டுப் பாருங்கள்.

ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லையா?

நிறைய இருக்கிறது, தேடுபவர்கள்தான் குறைவு. அப்பப்பாவின் பளையகாட் சாரத்தை எடுங்கள். தமிழ்நாட்டுப் பழவேற்காட்டின் பெயர்தான் அப்படி மாறி வந்தது, அந்தத் துறைமுகத்திலிருந்து கட்டம் போட்ட பருத்தி கடல் தாண்டிப் போன காலம் ஒன்று இருந்தது. சாரத்தைக் கட்டி, மேலே வெள்ளை லினன் சேர்ட் போட்டால் மாலை விருந்துக்கே போகலாம். மாமாவின் சபாரி சூட்டில் மேல்சட்டையை மட்டும் எடுத்துத் திறந்தபடி ரீசேர்ட் மேல் போடலாம். ஆனால் தோள் அளவைப் பார்த்து எடுங்கள். இடுப்பைத் தையல்காரர் பிடிப்பார், தோளைத் திருத்துவது பெரிய வேலை.

பழைய பத்திக் எண்டு காட்டினம். அச்சோ கைவேலையோ எண்டு எப்படி அறிகிறது?

திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயத்தில் தோய்த்த துணியில் நிறம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அச்சில் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து நரம்பு மாதிரிக் கோடுகள் விழும், ஓர் இடத்தில் விழுந்த மாதிரி இன்னோர் இடத்தில் விழாது. அதே கோடு திரும்பத் திரும்ப வந்தால் அச்சு.

இலங்கைப் பத்திக்குக்கு 1960களில் புது உயிர் கொடுத்தவர்களில் எனா த சில்வா முக்கியமானவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பென்தோட்ட பீச் ஹோட்டலின் கூரையையே அவருடைய பத்திக் அலங்கரித்தது. அந்தக் காலத்துப் பத்திக் சேர்ட் ஒன்று சுத்தமான நிலையில் கிடைத்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

நடைபாதைக் கடையில விலை பேசலாமா? எனக்குச் சிங்களம் சரியா வராது.

பேசலாம். "கீயத?" (எவ்வளவு?) என்று கேட்டு, விலை சொன்னதும் "டிக்கக் அடு கரன்ன" (கொஞ்சம் குறையுங்கள்) என்றால் போதும். புறக்கோட்டையில் பலருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும், அண்ணா என்றோ முதலாளி என்றோ கூப்பிட்டால் பேச்சு எளிதாகும். பழுதைக் காட்டிப் பேசுங்கள்: சிப் போயிருக்கிறது, இரண்டு தெறி இல்லை, மாற்ற இவ்வளவு செலவாகும் என்று. பழுதில்லாத உடுப்புக்கு அடிமாட்டு விலை கேட்பது எனக்குப் பிடிக்காது. அவர் அந்தக் குவியலை வெயிலில் சுமந்து வந்திருக்கிறார்.

இன்ஸ்டகிராமில வாங்கி ஏமாந்திட்டன். இனி என்ன கேட்டு வாங்கிறது?

மேலே சொன்ன நான்கு அளவையும் கேளுங்கள். அக்குள், உள் ஓரம், லேபிள், சிப் ஆகியவற்றின் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "மணம் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள், நேர்மையானவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். திருப்பி எடுப்பார்களா என்பதைக் காசு அனுப்ப முன்னம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படம் தரத் தயங்குகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

அம்மாவின்ர கூறைச்சேலை மடிப்பில வெடிச்சிட்டுது. வெட்டிச் சட்டை தைக்கலாமா?

முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். சரி என்றால் அவசரப்படாமல் சேலையை நிலத்தில் முழுதாக விரித்து, எங்கெங்கே வெடித்திருக்கிறது என்று நூலால் அடையாளம் போடுங்கள். பல கூறைகளில் உடல்தான் வெடித்திருக்கும், கரையும் தலைப்பும் உறுதியாக இருக்கும். அப்படியென்றால் வெட்டாமலே காப்பாற்றலாம். பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, விசேஷத்தில் ஓரிரு மணிநேரம் உடுத்தலாம். இல்லையென்றால் கரையையும் தலைப்பையும் கழற்றி, அதே நிறத்தில் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம், வெள்ளவத்தையில் இதைச் செய்யத் தெரிந்த தையல்காரர்கள் இருக்கிறார்கள்.

உடலும் கரையும் சேர்ந்தே போயிருந்தால்தான் வெட்ட வேண்டும். அப்போதும் இறுக்கமான சட்டை தைக்காதீர்கள், இழுபடும் இடத்தில் ஒரே நாளில் கிழியும். தளர்ந்த மேலங்கி, சின்னப் பை, பிள்ளைக்குப் பாவாடைக் கரை என்று இழுவை இல்லாத ஒன்றாகத் தையுங்கள். வெட்ட முன்னம் முழுச் சேலையையும் விரித்தபடி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத் துண்டை வெட்டாமல், தைக்காமல், வேட்டித் துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள்.